காற்றால் குளிரும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரங்களில் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வண்டியின் பின்பக்கம் உள்ள இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்றும் ஆயிலும் மட்டுமே அதன் சூட்டைத் தணிக்கின்றன. மற்றக் கார்களில் பழகிய மெக்கானிக்குகள் தேவையில்லை என்று கழற்றி வைத்துவிடும் ஒரு தகடோ ஒரு ரப்பர் பட்டையோ இங்கு ரேடியேட்டரின் ஒரு பகுதியைப் போன்றது என்பதை மனத்தில் கொண்டு கீழ்வரும் பதில்களைப் படிக்க வேண்டுகிறோம்.

கேள்வி: 1967-ஆம் ஆண்டு பீட்டில் வைத்திருக்கிறேன். கத்திரி வெயிலில் மேலூர் வரை சென்றால் வழியிலேயே பிக்கப் குறைகிறது. காய்ந்த ஆயில் வாடை அடிக்கிறது. பின் மூடியைக் குச்சி வைத்துச் சற்றுத் திறந்தபடி ஓட்டினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், கோச்சடை

பதில்: செய்ய வேண்டாம். இந்தக் காரில் குளிர்ந்த காற்று பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்குகளின் வழியாக நுழைந்து, எஞ்சின் அறையை அடைந்து, டைனமோவின் தண்டில் பொருத்தப்பட்ட விசிறியால் உறிஞ்சப்பட்டு, சிலிண்டர்களின் மீதும் ஆயில் கூலரின் மீதும் பாய்ந்து, சூடேறிய நிலையில் வண்டிக்கு அடியில் வெளியேறுகிறது. மூடியின் கீழ்ப்பகுதியைத் திறந்து வைத்தால், சைலன்சர் பக்கமிருந்து எழும் சூடான காற்றும் சாலைத் தூசியும் விசிறியை நோக்கி வருவதற்கு நாமே வழிவிட்டதாகிவிடும்.

எஞ்சினைச் சுற்றியுள்ள கறுப்புத் தகடுகள் மேலே உள்ள குளிர்ந்த காற்றையும் கீழே வெளியேறிய சூடான காற்றையும் பிரிக்கும் சுவராகும். தகடுகளுக்கும் உடற்கூட்டுக்கும் இடையே ஒரு ரப்பர் பட்டை சுற்றிலும் ஓடும். பிளக் ஒயர்கள் தகட்டுக்குள் நுழையும் நான்கு துளைகளிலும் ரப்பர் மூடிகள் இருக்கும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி, பின் மூடியைத் திறந்து, எஞ்சினின் ஓரங்களை மேலிருந்து பாருங்கள். எங்கேனும் தரை தெரிந்தால், வண்டி நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் அந்த இடைவெளி வழியாகச் சூடான காற்று மேலே ஏறி, விசிறி அதையே மீண்டும் எஞ்சினுக்கு ஊட்டுகிறது என்று பொருள். சாலையின் காற்றே 40 டிகிரியைத் தொடும் மே மாதத்தில், எஞ்சினில் பட்டுச் சூடேறி வந்த காற்றை மறுபடி அதற்கே கொடுத்தால் அது எப்படித் தாங்கும்?

நம் ஊரில் பெரும்பாலான பீட்டில்களில் ஹீட்டரைக் கழற்றிவிடுகிறார்கள், அது நியாயமே. ஆனால் ஹீட்டருக்காக விசிறிக் கூட்டின் இருபுறமும் விடப்பட்ட இரண்டு காற்றுக் குழாய் வாய்களை மூடாமல் விட்டுவிடுகிறார்கள். சிலிண்டருக்குச் சேர வேண்டிய காற்று அவ்வழியே வீணாகிறது. இரண்டு மூடிகளுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

அடுத்து, காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல் குவாரித் தூசி நிறைந்த மேலூர்ச் சாலையில் ஓடும் வண்டியில், கசியும் ஆயிலும் தூசியும் கலந்து ஆயில் கூலரின் மெல்லிய இதழ்களுக்கு இடையே களிம்பாக இறுகிவிடும். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியானால் விசிறிக் கூட்டுக்குள் அணில் தேங்காய் நாரைக் கொண்டு கூடு கட்டியிருக்கவும் கூடும். இதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. விசிறிக் கூட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். அதே வேளையில், கூட்டின் அடியில் உள்ள தெர்மோஸ்டாட் மடிப்புகள் தடையின்றித் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, சூடானதும் திறக்க வேண்டிய இவை, துருவேறி மூடியபடியே நின்றுவிட்டால் காற்றின் பெரும்பகுதி தடைபடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையென்றால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, கவனிக்க வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் காதால் கேட்டுத் திருப்பி வைக்கும் பழக்கம் இந்த எஞ்சினுக்கு ஆகாது. டைமிங் சற்று முந்தியிருந்தால் ஓட்டத்தில் சுறுசுறுப்பு தெரியும்; சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்கும். உங்கள் எஞ்சினுக்கும் அதில் உள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்கும் உரிய அளவைப் பார்த்து டைமிங் விளக்கால் வைக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டரின் ஜெட் பாதி அடைத்துப் பெட்ரோல் குறைவாகச் சென்றாலும் எஞ்சின் இதேபோலச் சூடாகும். இவற்றையெல்லாம் பார்க்குமுன் கூடுதல் ஆயில் கூலர் வாங்கிப் பொருத்துவது பணத்தை வீணாக்குவதே.

ஆயில் அளவையும் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினுக்கு 2.5 லிட்டர் போதும். மற்றக் கார்களின் கணக்கில் மூன்றரை லிட்டர் ஊற்றியதால் எஞ்சின் முழுவதும் ஆயில் வடிய வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். அளவுகோலின் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. கீழ்க்கோட்டுக்கு வரவிடவும் கூடாது.

கேள்வி: திருமங்கலத்திலிருந்து திரும்பும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று எண்ணி வீடு வரை ஓட்டி வந்துவிட்டேன். இது தவறா?
– வாசகர், பழங்காநத்தம்

பதில்: மற்றக் கார்கள் பலவற்றில் இது பெரிய தவறாகாது. பீட்டிலில் இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. இங்கே டைனமோவும் குளிர்விக்கும் விசிறியும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டால் சுழல்கின்றன. பெல்ட் அறுந்தால் சார்ஜும் நிற்கும், காற்றும் நிற்கும். அந்தச் சிவப்பு விளக்கு இரண்டுக்கும் சேர்த்துத்தான் எரிகிறது. காற்று நின்ற எஞ்சின் சில கிலோமீட்டருக்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும்.

சிவப்பு விளக்கு எரிந்த அந்த நொடியிலேயே ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, பின் மூடியைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் இல்லையென்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். பெல்ட் இருக்கிறது, இறுக்கமாகவும் இருக்கிறது என்றால் பழுது டைனமோவிலோ ரெகுலேட்டரிலோ இருக்கும், காற்று வருகிறது, பகல் வெளிச்சத்தில் விளக்குகளைப் போடாமல் பாட்டரியிலேயே வீடு சேரலாம். உங்கள் வண்டி பிழைத்திருப்பதைப் பார்த்தால் இரண்டாவது வகையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பெல்ட் மாற்றுவதையும் இறுக்குவதையும் ஓட்டுநரே கற்றுக்கொள்வது நல்லது. பிளக் கழற்றும் 21 மி.மீ. ஸ்பேனரே டைனமோ புல்லியின் நட்டுக்கும் பொருந்தும். புல்லியின் உட்பாதியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்குரூ டிரைவரைச் செருகி, டைனமோவின் மேல் போல்ட்டில் முட்டுக் கொடுத்தால் புல்லி சுழலாமல் நிற்கும். நட்டைக் கழற்றியதும் புல்லியின் வெளிப்பாதி கையோடு வந்துவிடும். இரு பாதிகளுக்கும் நடுவே மெல்லிய வளையத் தகடுகள் சில இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்தால் பாதிகள் நெருங்கி, பெல்ட் மேலேறி இறுகும். ஒன்றைச் சேர்த்தால் தளரும். எடுத்த தகட்டைத் தூக்கி எறியாமல் வெளிப்புறத்தில், நட்டின் அடியில் கோத்துவிடுங்கள். அடுத்த புது பெல்ட்டுக்கு அது வேண்டியிருக்கும். நட்டை முடுக்கும்போது புல்லியைக் கையால் சுற்றிக்கொண்டே முடுக்கினால் பெல்ட் நடுவில் நசுங்காது. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 15 மி.மீ. உள்வாங்க வேண்டும், அதற்குமேல் இறுக்கினால் டைனமோவின் பேரிங் தேயும்.

உதிரி பெல்ட்டும் அந்த ஸ்பேனரும் வண்டியை விட்டு இறங்கவே கூடாது.

கேள்வி: காலையில் முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆகும் வண்டி, உசிலம்பட்டியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடுகிறது.
– வாசகர், செக்கானூரணி

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் சுற்றுகிறதா, அல்லது ‘டிக்’ என்ற ஓசையோடு நின்றுவிடுகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஓசை மட்டும் வந்தால் அது மின்சாரக் கோளாறு. பாட்டரி பின் சீட்டின் அடியில் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் அதற்குப் பக்கத்திலேயே எஞ்சினுக்கு முன்னால் இருக்கிறது. ஆனால் மோட்டாரை இயக்கச் சொல்லும் ஒயர் முன்பக்கச் சாவி வரை சென்று திரும்பி வருகிறது. ஐம்பது ஆண்டுப் பழைய இணைப்புகளில் மின்னழுத்தம் வழியெங்கும் சிந்திக்கொண்டே வர, சூடேறிய சாலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாரை இயக்கும் மின்காந்தச் சுவிட்சுக்கு) அது போதாமல் போகிறது. முதலில் பாட்டரி முனைகளையும், பாட்டரியிலிருந்து உடற்கூட்டுக்கும் கியர் பெட்டியிலிருந்து உடற்கூட்டுக்கும் செல்லும் இரண்டு எர்த் பட்டைகளையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். எஞ்சினும் கியர் பெட்டியும் ரப்பர் மீது அமர்ந்திருப்பதால் அந்த இரண்டாவது பட்டை இல்லாவிட்டால் மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் திரும்பத் தொடங்கும். கேபிள் சூடாகிப் பழுதாகும். பலர் அந்தக் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்களே தவிர, எர்த் பட்டையைப் பார்ப்பதில்லை. இதற்குப் பிறகும் தீரவில்லையென்றால் செல்ஃப் மோட்டாருக்கு அருகில் ஒரு ரிலே வைத்துவிடுவது நிரந்தரத் தீர்வு.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சினில் தொடவைத்துப் பொறி வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் ஆவி பரவியிருக்கும் எஞ்சினில் பொறி ஆபத்து என்பதால், கழற்றிய துளையிலிருந்து பிளக்கைத் தள்ளி வைத்தே இதைச் செய்ய வேண்டும். பொறி இல்லையென்றால் கண்டென்சர் அல்லது காயில் சூட்டில் சோர்ந்துவிட்டது. இரண்டில் கண்டென்சரை முதலில் மாற்றுங்கள், விலை குறைவு. பொறி இருந்தால் பெட்ரோல்தான் காரணம். எஞ்சினை நிறுத்தியதும் விசிறி நின்றுவிடுவதால் தேங்கிய சூடு மேலேறி, பம்பிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. கார்புரேட்டர் பொங்கி வழிந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை ஒரே அழுத்தாக முழுவதும் மிதித்தபடி சுற்றுங்கள். திரும்பத் திரும்ப மிதித்தால் இன்னும் பெட்ரோல்தான் ஊறும். பம்பில் ஏர் லாக் ஆகியிருந்தால் நனைத்த துணியைப் பம்பின் மீது சுற்றிச் சிறிது நேரம் பொறுத்தால் போதும்.

கேள்வி: சர்வீஸ் விட்டபோது டாப்பெட் சத்தமே இல்லை, அருமையாக இருக்கிறது, தொட வேண்டாம் என்று சொன்னார்கள். சரிதானே?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: வாசகி மன்னிக்க வேண்டும், அந்தச் சொல் எனக்குக் கவலை தருகிறது. தந்தையார் காலத்திலிருந்து ஓடும் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். டாப்பெட் சத்தம் என்பது வால்வுக்கும் அதைத் திறக்கும் நெம்புகோலுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியால் எழும் ஓசை. இந்த எஞ்சினில் ஓட ஓட அந்த வால்வு இடைவெளி பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு சூட்டில் நீள்வதும் வால்வு தன் இருக்கையில் அமிழ்வதும் அதற்குக் காரணம். இடைவெளி குறையக் குறையச் சத்தமும் குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல், இருக்கையில் அமர்ந்து தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்க முடியாமல், எரிந்தோ தலை முறிந்தோ போகும். முறிந்த வால்வு பிஸ்டனைத் துளைத்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். மெல்லிய ‘டிக் டிக்’ ஓசை இந்த எஞ்சினின் ஆரோக்கியத்துக்கு அடையாளம்.

இதில் மூன்றாம் சிலிண்டருக்குத்தான் ஆபத்து அதிகம். 1971-ஆம் ஆண்டு மாடலுக்கு முந்தைய எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, அந்தச் சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. கூலரைக் கடந்து சூடேறிய காற்றே அதற்குக் கிடைக்கிறது. பின்னர்க் கூலரை ஒதுக்குப்புறமாக மாற்றி வைத்ததும் இதனால்தான். வண்டியில் அமர்ந்து முன்னோக்கிப் பார்த்தால், எஞ்சினின் வலப்புறம் முன்னால் இருப்பது ஒன்று, பின்னால் இரண்டு. இடப்புறம் முன்னால் மூன்று, பின்னால் நான்கு.

ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் ஆயில் மாற்றும்போதே டாப்பெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி இரவு முழுவதும் நின்று எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும். மதியம் கொண்டுபோய் விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ளும் வேலை இதுவன்று. பிற்கால எஞ்சின்களுக்கு 0.15 மி.மீ. இடைவெளி பொருந்தும், 1950-களின் எஞ்சின்களுக்கு 0.10 மி.மீ.; 1960-களின் தொடக்கத்து எஞ்சின்கள் சிலவற்றுக்கு அளவு வேறு என்பதால், எஞ்சின் எண்ணைக் கொண்டு உறுதிசெய்த பிறகே இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை எடுக்க வேண்டும். வால்வு மூடியைப் பிடித்திருக்கும் வளைந்த கம்பியைக் கீழே தள்ளினால் மூடி வந்துவிடும். திரும்ப மாட்டும்போது புதிய கார்க் கேஸ்கட் போடுங்கள். எந்த வால்விலாவது ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், அந்த வால்வு முறியப்போவதாக முன்கூட்டியே சொல்கிறது என்று கொண்டு ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: சில மாதங்களாக வண்டிக்குள் பெட்ரோல் வாடை வருகிறது. எங்கும் சொட்டவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம். பீட்டில் கார்கள் எரிந்துபோவதற்கு முதற்காரணம் பழைய பெட்ரோல் ஹோஸ். துணி பின்னிய அந்த ஹோஸ் வெளியே புதிதாகத் தெரியும். உள்ளே ரப்பர் வெடித்திருக்கும். இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்து இப்போது எங்கும் பரவிவிட்ட, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை இன்னும் விரைவாகக் கெடுக்கிறது.

ஹோஸ் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றுங்கள். எத்தனாலைத் தாங்கும், ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கான தரமுள்ள ஹோஸ் கேட்டு வாங்கி, ஒவ்வொரு முனைக்கும் கிளிப் போடுங்கள். எஞ்சின் அறையில் இருப்பவற்றோடு, பெட்ரோல் டாங்கின் அடியில் உள்ளதும், வண்டித் தரையின் நடுவே ஓடும் நடுச்சுரங்கத்திலிருந்து வரும் இரும்புக் குழாய் முடியுமிடத்தில், கியர் பெட்டிக்கு அருகில் உள்ளதும் சேர வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளை முனையைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது அழுத்திச் செருகப்பட்டதே தவிர மரையில் முடுக்கப்பட்டதன்று. ஆடினால் அடுத்த குலுக்கலில் கழன்று, சூடான எஞ்சின் மீதும் டிஸ்ட்ரிபியூட்டர் மீதும் பெட்ரோலைப் பீய்ச்சும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டரையும் அங்கிருந்து எடுத்து, வண்டிக்கு அடியில், எஞ்சினுக்கு முன்பாக வையுங்கள். வாடை முன்பக்கமே அதிகமென்றால், அங்கே உள்ள பெட்ரோல் டாங்கின் மூடி ரப்பரும், அளவுமானியின் கேஸ்கட்டும் சந்தேகத்துக்குரியவை.

உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று ஓட்டுநரின் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். இந்த எஞ்சினின் உடல் மக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்ட பின் தண்ணீர் ஊற்றினால் தீ மேலும் மூளும்.

கேள்வி: வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏற இந்த வண்டியால் முடியுமா? எந்தக் கியரில் ஏறுவது?
– வாசகர், நிலக்கோட்டை

பதில்: தாராளமாக முடியும். விசிறியின் வேகம் எஞ்சினின் வேகத்தைப் பொறுத்தது. எஞ்சின் ஒருமுறை சுற்றினால் விசிறி ஏறத்தாழ இருமுறை சுற்றும். ஆகவே மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி எஞ்சினை முக்கவிட்டால், வேலை அதிகமாகவும் காற்று குறைவாகவும் கிடைத்துச் சூடேறும். பெட்ரோல் மிச்சமாகும் என்று எண்ணாமல் இரண்டாம் கியருக்கு இறக்கி, மணிக்கு 35, 40 கிலோமீட்டரில் எஞ்சினைச் சுறுசுறுப்பாகச் சுழலவிடுங்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, எஞ்சின் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. அதைப் பழுதென்று கருதி மேலே கார்புரேட்டரைத் திருகிவிட்டு இறங்கினால், சமவெளியில் பெட்ரோல் போதாமல் வண்டி சூடாகும். இறங்கும்போதும் ஏறிய கியரே. டிரம் பிரேக்குகள் தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

கேள்வி: வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. எங்கிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: எஞ்சினின் அடிப்பகுதியைக் கழுவித் துடைத்து, கீழே பழைய செய்தித்தாளை விரித்து ஓரிரவு விடுங்கள். இருபுறமும் சொட்டினால் வால்வு மூடியின் கேஸ்கட் அல்லது புஷ்ராட் குழாய்களின் முனை. நடுவில், ஆயில் இறக்கும் தகட்டில் சொட்டினால் அதன் கேஸ்கட்டும் செம்பு வாஷர்களும். அந்த ஆறு சிறு நட்டுகளை வலுவாக முடுக்கினால் மரை போய்விடும். எஞ்சினும் கியர் பெட்டியும் சேருமிடத்தில் சொட்டி, கிளட்சும் வழுக்கினால் ஃபிளைவீலின் பின்னுள்ள சீல் போயிருக்கும்; அதற்கு எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். சீலை மாற்றுமுன் கிராங்க் தண்டின் முன்பின் ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மிகுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது.

கேள்வி: என் வண்டி ஆறு வோல்ட். விளக்குகள் மங்கல். பன்னிரண்டு வோல்ட் பாட்டரி வைத்துவிடலாமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: பாட்டரியை மட்டும் மாற்றினால் பல்புகளும் காயிலும் போகும். விளக்குகளின் எர்த் இணைப்புகளைத் தேய்த்து, ஒயரைத் தடிமனாக்கி, ரிலே வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே வெளிச்சம் திரும்பும். பாட்டரிக்கு மேலே உள்ள காப்பு மூடி இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அது இல்லாமல் பின் சீட்டில் கனமானவர் அமர்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் பாட்டரி முனைகளில் பட்டுத் தீப்பிடிக்கும். பழைய மூடி கிடைக்காவிட்டால் தடித்த ரப்பர் விரிப்பை அளவாக வெட்டி, நழுவாதபடி கட்டிவிடுங்கள்.